பல் போன இடத்தில் என்ன வைக்கலாம்?

இந்த எபிசோடை உங்க அப்பா அம்மாவை மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க.

பெரிய காஞ்சிபுரத்துல, பிள்ளையார்பாளையம் மாதிரி தறிச் சத்தம் கேட்கிற தெருக்கள்ல, கடைவாய்ப் பல் போய் ஒரு பக்கமா மட்டும் மெல்லுகிற பெரியவங்களைப் பார்க்கலாம். கேட்டா, "இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா பல்லு?"ன்னு பேச்சை முடிச்சிடுவாங்க. சென்னையில வேலை பார்க்கிற பிள்ளைங்களோ, "ஒரே நாளில் பல்" விளம்பரத்தைப் பார்த்துட்டு, "இந்த லீவுக்கு வந்து இம்ப்ளான்ட் போட்டுடலாம்மா"ன்னு சொல்லுவாங்க. ஒருத்தர் தள்ளிப்போடுறாங்க, இன்னொருத்தர் அவசரப்படுறாங்க. ரெண்டு பேருமே மறக்கிற விஷயம், பல்லுக்கு அடியில இருக்கிற எலும்பு.

முதல்ல இம்ப்ளான்ட் எப்படி வந்ததுன்னு பார்த்துடலாம். 1952-ல ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலோட கால் எலும்புல டைட்டானியத்தால செஞ்ச ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தார். வேலை முடிஞ்சு கழட்டப் போனா, வரவே இல்ல. எலும்பு அதோட ஒண்ணா வளர்ந்து பிடிச்சிருந்தது. 1965-ல யோஸ்டா லார்சன் என்பவரோட கீழ்த்தாடையில டைட்டானிய இம்ப்ளான்ட் வெச்சார். லார்சன் 2006-ல இறக்கும் வரைக்கும், 40 வருஷத்துக்கு மேல, அது அவருக்கு உழைச்சது.

காஞ்சிப் பட்டு தெரிஞ்சவங்களுக்கு இதைச் சுலபமா சொல்லலாம். கோர்வைப் புடவையில உடலும் கரையும் வேற வேற நிறம். ஆனா கரையைத் தனியா வெச்சுத் தைக்கிறதில்ல. நெய்யும்போதே இழையோட இழை கோத்துடுவாங்க. அதனாலதான் புடவை கிழிஞ்சாலும் கரை பிரியாதுன்னு சொல்லுவாங்க. இம்ப்ளான்ட் திருகும் எலும்புல இப்படித்தான் பிடிக்கணும். கோர்வைக்கு நேரம் ஆகிற மாதிரி இதுக்கும் ஆகும். பொதுவா கீழ்த்தாடைக்கு 3 மாசம், மேல்தாடைக்கு 6 மாசம் வரைக்கும். அப்புறம்தான் மேல நிரந்தரப் பல்லை மாட்டுவாங்க. நல்ல எலும்பு இருக்கிற சிலருக்கு அன்னைக்கே பல் வைக்க முடியும். ஆனா பெரும்பாலும் அது தற்காலிகப் பல்தான். அதுல முறுக்கு கடிக்கக் கூடாது.

சரி, தள்ளிப்போட்டா என்ன ஆகும்? பல்லைப் பிடுங்கின இடத்துல எலும்புக்கு வேலை இல்லாம போயிடும், அது கரைய ஆரம்பிக்கும். முதல் வருஷத்துலேயே அகலத்துல பாதி வரைக்கும் குறையலாம். பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும். பிறகு இம்ப்ளான்ட் வேணும்னா, முதல்ல எலும்பு வெச்சுக் கட்ட வேண்டி வரலாம். அதுக்குத் தனிச் செலவு, தனிக் காத்திருப்பு.

இம்ப்ளான்ட் மட்டும்தான் வழின்னு நினைக்காதீங்க. கழட்டி மாட்டுற பல் செட் இருக்கு, செலவு குறைவு. பிரிட்ஜ் இருக்கு, அதுக்குப் பக்கத்துல இருக்கிற நல்ல பற்களைத் தேய்க்கணும். சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்லயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. காஞ்சிபுரத்துல இருந்து கடற்கரைக்குப் போற மின்சார ரயில் அங்க நிக்கும். முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி அங்க ஒருதடவை காட்டிக் கேட்கலாம்.

இம்ப்ளான்ட்தான்னு முடிவு பண்ணினா, டாக்டர்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. சுகர் கட்டுப்பாட்டுல இல்லைன்னா புண் ஆற நாளாகும், தொற்றும் வரும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தா கட்டாயம் சொல்லணும். சிலருக்குத் தாடை எலும்பே ஆறாம போயிடும். ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரையைச் சொல்லணும், நீங்களா நிறுத்தவும் கூடாது. பீடி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு இம்ப்ளான்ட் தோத்துப்போற வாய்ப்பு அதிகம்.

புகையிலை போடுற அப்பாவா இருந்தா, வாயில ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண், வெள்ளைத் திட்டு இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா பல் விஷயத்தை ஒதுக்கி வெச்சுட்டு, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. காரப்பேட்டையில அண்ணா பேர்லயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு.

கிளினிக்ல நாலு கேள்வி கேளுங்க. ஸ்கேன் எடுத்து எலும்போட உயரம், அகலம் பார்த்தாச்சா? திருகுல இருந்து மேல் பல் வரைக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? எந்த கம்பெனி திருகு, அதோட லாட் நம்பரை எழுதித் தருவீங்களா? பிடிக்கலைன்னா அடுத்து என்ன? நாலுக்கும் நேரா பதில் சொல்லாத இடத்துல அட்வான்ஸ் கட்டாதீங்க.

போட்ட பிறகும் வேலை இருக்கு. டைட்டானியம் சொத்தையாகாது, ஆனா சுத்தி இருக்கிற ஈறு வீங்கி எலும்பு கரைஞ்சா திருகு ஆடிடும். தினமும் ரெண்டு வேளை பிரஷ், ஆறு மாசத்துக்கு ஒருதடவை செக்-அப்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, அம்மா எந்தப் பக்கம் மெல்லுறாங்கன்னு பாருங்க. பிறகு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.