முதியோர் இல்லமும் மதுப்பழக்கமும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வள்ளுவனார் பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும், மருந்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். குடியை நாம் முன்னதன்கண் வைத்துப் பழிக்கின்றோம். பின்னதன்கண் வைத்து ஆராய்வதில்லை. முதியோர் திறத்தில் இது பெருந்தீங்கு பயப்பதாகும்.

பெரியவர் ஒருவரை முதியோர் இல்லத்திற் சேர்க்குங்கால், அவர்தம் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் சொல்லும் மக்களுட் பலர், அவர் நாடோறும் குடித்துவந்த செய்தியை மானங்கருதி மறைத்துவிடுகின்றனர். இல்லத்தாரும் அதனைக் கேட்க நாணுகின்றனர். விளைவு யாது? பல்லாண்டு மிகக் குடித்தவர் திடீரென நிறுத்தின், ஒரு நாளைக்குள் கைந்நடுக்கமும் வியர்வையும் தோன்றலாம். சிலர்க்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களில், இல்லாதன கண்முன் தோன்றிப் பிதற்றும் சன்னியும் காணும். காரணம் அறியாதார் இதனை மூப்பின் மயக்கமென்று வாளாவிருப்பர். தக்க மருத்துவம் இன்றேல் உயிருக்கே இறுதி நேரும்.

இனி, குடியை விடாதார் நிலை யாது? மூப்பில் உடலின் நீர்ப்பகுதி குறைதலால், இளமையிற் குடித்த அதே அளவு குருதியில் மிகுந்து நிற்கும். தூக்க மருந்தோடு சேரின் மூச்சை அடக்கும்; இன்சுலினோடு சேரின் சர்க்கரையை மிகத் தாழ்த்தும். தடுக்கி விழுதல், மறதி, உணவில் வெறுப்பு ஆகியன மூப்புக்கும் உரியன, குடிக்கும் உரியன. ஆதலின் பார்த்து அறிதல் அரிது. கேட்டே அறிதல் வேண்டும்.

எவ்வாறு கேட்பது? அமெரிக்க மருத்துவர் யூயிங் என்பார் வகுத்த ‘கேஜ்’ என்னும் முறையில் வினாக்கள் நான்கே. குடியைக் குறைக்க எண்ணியதுண்டா? பிறர் குறைகூறச் சினந்ததுண்டா? குடித்தமைக்கு உள்ளம் வருந்தியதுண்டா? காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இவற்றுள் இரண்டிற்கு ‘ஆம்’ என்பாரை மேலும் ஆராய்தல் வேண்டும்.

மிச்சிகனில் 1971-இல் செல்சர் என்பார் வெளியிட்ட மற்றொரு வினாத்தொகுதி, குடியால் வேலை இழந்ததுண்டா என்பது போன்றவற்றையும் வினவிற்று. பணியினின்று ஓய்ந்தார்க்கு அவ்வினா பொருந்துமோ? ஆகவே 1992-இல் முதியோர்க்கென்றே 24 வினாக்கள் அங்கு அமைக்கப்பெற்றன. தனிமையிற் குடி துணையாகின்றதா, குடித்தபின் பசியின்றி உணவை விடுவதுண்டா என இவை முதுமையின் வாழ்வையொட்டி வினவும். ஐந்திற்கு ‘ஆம்’ எனின் மேலாய்வு வேண்டும்.

அன்பர்களே! இவ்வினாக்கள் தீர்ப்பல்ல, வைத்தியரை அழைக்கும் மணியோசையே. மறதி நோயுற்றாரின் விடையை மட்டும் நம்புதலும் ஆகாது. உறவினரையும் வினவுதல் வேண்டும். வினவுவார் தனியிடத்தில், மரியாதையோடு, ஏனைய நோய்களைக் கேட்கும் அதே குரலில் வினவுக. ஒருவரை மட்டும் ஐயுறாது, வருவார் அனைவரையும் வினவின் எவர்க்கும் இழுக்கில்லை.

உம் வீட்டுப் பெரியவரைச் சேர்க்கும் நாளில், அவர் குடிக்கும் அளவையும் கடைசியாகக் குடித்த வேளையையும் ஒளியாது கூறுமின். வீட்டில் வைத்துத் தாமே திடீரென நிறுத்தவும் முயலன்மின். வைத்தியர் துணையோடு நிறுத்துமின். நாம் காக்கும் மானம் அவர் உயிரைப் பறிக்குமாயின், அது மானமாகாது.