கைக்கேற்ற சுட்டெலி



காலுக்குச் செருப்பு வாங்கும்பொழுது அளவு பார்க்கிறோம். அணிந்து நடந்தும் பார்க்கிறோம். கைக்குக் கருவி வாங்கும்பொழுது அவ்வாறு பார்ப்பதில்லை. செருப்புக் கடித்தால் அன்றே தெரிந்துவிடும். கருவி செய்யும் தீங்கோ பல திங்கள் கழிந்த பின்னரே தெரியவரும். ஆதலின், கணிப்பொறி விளையாட்டுக்கு உதவும் 'மௌஸ்' என்னும் சுட்டெலியைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் கருதியமைக்க, பில் இங்கிலீஷ் என்பவர் 1964ஆம் ஆண்டில் முதற் சுட்டெலியைச் செய்து முடித்தார். ஒரு மரக்கட்டை, அதன் அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான், அவ்வளவே. இன்று சக்கரங்களின் இடத்தை ஒளியுணரி பெற்றுவிட்டது. ஆனால், அதைப் பிடிக்கும் கை மாறவில்லை.

அக்கை சுட்டெலியை மூன்று வகையாகப் பற்றும். உள்ளங்கை முழுதும் படியப் பற்றுதல் ஒன்று. விரல்களைப் பருந்தின் நகம்போல் வளைத்துப் பற்றுதல் மற்றொன்று. விரல்நுனி மட்டும் படப் பற்றுதல் மூன்றாவது. முதல் வகையினருக்கு நீண்டு, முதுகு உயர்ந்த சுட்டெலி ஏற்றது. விரல்நுனியால் பிடிப்போருக்குச் சிறியதும் தாழ்ந்ததும் நன்று. இடக்கையர் இருபுறமும் ஒத்த வடிவுடையதையோ இடக்கைக்கென்றே செய்யப்பெற்றதையோ நாடவேண்டும்.

அடுத்தது எடை. விளையாடுவோர் சுட்டெலியை அடிக்கடி தூக்கி வைப்பர். 60 கிராம் எடையுள்ளதும் 120 கிராம் எடையுள்ளதும் ஒரு முறை தூக்குகையில் கையைச் சோர்வுறச் செய்யா. ஆயிரம் முறை தூக்கினால் கை அறியும்.

'டி.பி.ஐ.' என்ற எண்ணையும் அறிந்துகொள்ளுங்கள். 800 என்று வைத்தால், ஓரங்குலம் நகர்த்தும்பொழுது சுட்டெலி 800 படிகளைக் கணக்கிடும். எண் மிகக் குறைந்தால் கை நெடுந்தொலைவு அலையும். மிக உயர்ந்தால் குறி தவறாதிருக்க விரல்கள் இறுகும். எனவே, பெரிய எண்ணே சிறந்தது என்று விளம்பரம் கூறுவதை நம்பவேண்டா.

கல்லூரியில் பயிலும் என் பேரன் அழகு கருதிப் பெரிய சுட்டெலி ஒன்றை வாங்கினான். அவன் கையோ சிறியது. இரவுதோறும் மணிக்கணக்கில் விளையாடினான். சில திங்களில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. தேர்வு நெருங்கிய வேளையில் பேனா பிடிக்கவும் அவன் இடர்ப்பட்டான். மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியுண்டு. அதன் ஊடே செல்லும் நரம்பு நெருக்குண்டால் இவ்விரல்கள் மரத்துப்போகும் என மருத்துவர் விளக்கினார். ஓய்வும் சிறிய சுட்டெலியும் நேரக் கட்டுப்பாடும் கொண்டு அவன் நலம்பெற்றான்.

வாங்குமுன் நண்பரின் சுட்டெலியையேனும் கால் மணி நேரம் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு மேலே மடங்காமலும் பக்கவாட்டில் வளையாமலும், முன்கையோடு ஒரே நேராக இருக்கிறதா? விரல்கள் இறுகாமல் பொத்தான்மேல் படிகின்றனவா? இவ்விரண்டிற்கும் 'ஆம்' என்றால் அது உங்களுக்கு உரியது. ஆயினும், நல்ல கருவி நெடுநேரம் ஆடுவதற்கு உரிமைச் சீட்டு அன்று. இடையிடையே எழுந்து கையை நீட்டி மடக்குங்கள். விரல் மரத்தால் மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். விளையாட்டில் இழந்த வெற்றியை நாளை பெறலாம். எழுதும் கையைக் காப்பது இன்றைய கடமை.