எளிமைக்கு ஒரு மதிப்பெண்



கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில் பணியாற்றும் எங்களைப் போன்றோர், வாசிப்புத் தாள்களைப் பலமுறை நாங்களே தட்டச்சு செய்கிறோம். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு இந்த ஆங்கிலப் பகுதி எளிதா, கடினமா? அதைச் சொல்ல ‘வேர்ட்’ செயலியில் ஒரு வசதி உண்டு. ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் வெளியிட்ட வாய்பாட்டைக் கொண்டு அது மதிப்பெண் போடும். எண் உயர உயர வாசிப்பு எளிது. 60-க்கும் 70-க்கும் இடைப்பட்டது சாதாரண நடை.

எங்கள் கணினியிலோ அந்த மதிப்பெண் தோன்றவே இல்லை. கணினி பழுது என்றார் ஓர் ஆசிரியர். பழுதில்லை. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘புரூஃபிங்’ என்று போய், எழுத்துடன் இலக்கணத்தையும் சோதிக்கும் கட்டம், ‘ரீடபிளிட்டி ஸ்டாடிஸ்டிக்ஸ்’ காட்டும் கட்டம் ஆகிய இரண்டிலும் குறியிட வேண்டும். பிறகு ‘எஃப் 7’ பொத்தானை அழுத்திச் சோதனையைக் கடைசிவரை முடிக்க வேண்டும். பாதியில் மூடினால் மதிப்பெண் வராது. புதிய பதிப்புகளில் ‘எடிட்டர்’ பலகையில் உள்ள ‘டாக்குமென்ட் ஸ்டாட்ஸ்’ என்பதை நாமே தட்டிக் கேட்கவேண்டும்.

இத்தனையும் செய்தும் வரவில்லை. பிறகுதான் புரிந்தது: பழைய மலாய்க் கடிதம் ஒன்றை அழித்துவிட்டு அதன்மேலேயே தட்டச்சு செய்திருந்தோம். கணினி எங்கள் ஆங்கிலத்தை மலாய் என்றே எண்ணிக்கொண்டிருந்தது! ‘ரிவியூ’ பகுதியில் மொழியை ஆங்கிலமாக மாற்றியதும் மதிப்பெண் வந்தது. ஒரே தாளில் பல மொழிகள் இருந்தால், கடைசியாகச் சோதித்த மொழிக்கு மட்டுமே கணக்கு வரும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். மும்மொழியில் சுற்றறிக்கை எழுதும் நமக்கு இது முக்கியம்.

தமிழ்த் தாளுக்கும் இப்படி மதிப்பெண் கேட்கலாமே என்று ஆசைப்பட்டோம். வரவில்லை; வராததே நல்லது. அந்த வாய்பாடு, வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை ஒலியசை என்று பார்த்து, ஆங்கிலத்தை அளக்கச் செய்தது. ‘வரமாட்டார்களாம்’ என்பதை முதலாம் ஆண்டுப் பிள்ளையும் அறியும். ஒரே சொல், ஆறு ஒலியசை. தாளில் கணக்குப் போட்டோம்: பூஜ்யத்துக்குக் கீழே 302! அதே பொருளை ஆங்கிலத்தில் ஆறு சிறு சொற்களில் சொன்னால் 116. தமிழ்த் தாளை ஆங்கிலம் என்று குறித்துக் கணினியை ஏய்த்து ஓர் எண்ணை வாங்கினாலும், அதை நம்பிப் பிள்ளைக்குப் பாடம் எழுத முடியுமா?

ஆகவே தமிழ்த் தாளை ஒரு மாணவியிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னோம். நீண்ட சொற்களையெல்லாம் தாண்டினாள். ‘எண்ணெய்ப்பனை சாகுபடி’ என்ற இடத்தில் நின்றாள். அவள் வீட்டைச் சுற்றி நிற்பதே அந்த மரங்கள்தாம். ஆனால் அவளுக்கு அது செம்பனை. ‘செம்பனை நடுதல்’ என்று மாற்றினோம். மறுநாள் அதைக் கடந்து, ‘ஏற்றுமதி’யில் நின்றாள். அதற்கு எளிய மாற்றுச் சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிள்ளான் துறைமுகத்துக் கப்பல் ஒன்றைப் பலகையில் வரைந்து காட்டினோம்.