பக்கத்தில் நிற்க ஒரு ஆள்

போன வருஷம் ஒரு அம்மா என்கிட்ட கேட்டாங்க: "ரெண்டு வருஷமா பயிற்சிக்கு வர்றான். எப்போதான் வேலைக்கு அனுப்புவீங்க?"

அவங்க மகனுக்கு ஆட்டிசம். எங்க மையத்துல துண்டு மடிக்கிறதுல அவர்தான் கெட்டி. ஆனா, ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனப்போ அப்படியே நின்னுட்டார். மெஷின் சத்தம், பெரிய துண்டு, புது மேஜை. ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாக வந்துவிடாது. தப்பு அவர் மேல இல்லை, என் மேலதான்.

அதனால முறையை மாத்தினேன். முதலில் வேலையில் சேர்ப்பது, பிறகு அங்கேயே கற்றுக்கொடுப்பது. மடிக்கும் வரிசையைப் படமெடுத்துச் சுவரில் ஒட்டினேன். முதல்ல பக்கத்துல நின்னேன், அப்புறம் வாசல்ல. இப்போ போன்ல மட்டும்தான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு வேலையில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து 1 சதவீதம் ஒதுக்குது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த ஒதுக்கீடு இல்லை. நல்ல விஷயம்தான். ஆனா இடம் கிடைச்சா மட்டும் போதாதுங்க. ஆரம்பத்துல பக்கத்துல நிற்க ஒரு ஆளும் வேணும்.

நேத்து அந்த அம்மா போன் பண்ணினாங்க: "பொங்கலுக்கு லீவு வேணும், யார்கிட்ட கேட்கணும்?"

"அவரே கேட்டு வாங்கிட்டாரும்மா"ன்னேன்.