பூனையும் கீரைப் பாத்தியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசியது)



விதை, உரம் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் பூனையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. எங்க குழுவில் கடன் தவணைக்குக்கூட இவ்வளவு சண்டை வந்ததில்லை.

எங்க தெருவில் ஒரு மைனி சிறுகீரை விதைச்சாங்க. மூணாம் நாள் காலைல பார்த்தா பாத்தி முழுக்கக் குழி, உள்ளே அசிங்கம். திரும்ப விதைச்சாங்க, திரும்பவும் அதே கதை. பக்கத்து வீட்டு அக்கா பூனை வளர்க்கிறவங்க, அவங்களும் நம்ம குழுதான். “என் பூனை வீட்டை விட்டுப் போகாது, அது ஊர்ப் பூனை”ன்னு அவங்க சொல்ல, “கருவாட்டுல எலி மருந்து வைக்கேன், எந்தப் பூனைன்னு விடிஞ்சா தெரியும்”னு மைனி சொல்ல, அந்த அக்கா ரெண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பினாங்க.

மருந்து வைக்கிற பேச்சை முதலில் விட்டுடணும். கருவாட்டை நாம நினைச்ச பூனைதான் தின்னும்னு யார் சொன்னா? கோழி கொத்தும், நாய் தின்னும், தவழ்ற பிள்ளை கையில் எடுக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை இருக்கே, அது ஈரலைக் கெடுக்கும். அதை முறிக்கத் தனியா மாற்று மருந்து கிடையாது. விலங்குக்கு விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் ஐந்து வருஷம் வரைக்கும் சிறைத் தண்டனை போடலாம். ஒரு கட்டுக் கீரைக்கு இது தேவையா?

சரி, பூனை ஏன் நம்ம பாத்தியைத் தேடி வருது? கீரை தின்னவா வருது? அது கழிக்கிறதுக்கு முன்னால் குழி தோண்டி, பிறகு மூடுகிற பிராணி. பொலபொலன்னு காய்ஞ்ச மண் அதுக்கு வேணும். நம்ம உடன்குடி, திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காலை வெச்சாலே புதையும். அதையும் கொத்தி, சலிச்சு, சாம்பல் தூவி வெச்சா, நாமளே அதுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்த மாதிரி.

ஆக, பூனையை விரட்டறது வேலையில்லை. மண்ணை வெறுமனே விடாம இருக்கறதுதான் வேலை. அதுவும் வருஷம் பூராவும் இல்லை. விதைச்சதிலிருந்து இலை விரிஞ்சு மண்ணை மூடற வரைக்கும், பத்துப் பதினைஞ்சு நாள் காத்தாப் போதும்.

நம்ம ஊரில் இதுக்குக் காசு செலவே இல்லை. பனங்கருக்கு மட்டை இருக்கு. அதைப் பாத்தி மேல் ஒரு சாண் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமா போடுங்க. ரெண்டு பக்கமும் ரம்பப் பல்லு மாதிரி இருக்கறதால பூனை கால் வைக்க யோசிக்கும். நம்ம கையும் கிழியும், பார்த்து எடுங்க. சின்னப் பிள்ளைங்க ஓடி விளையாடற இடம்னா கருக்கு வேண்டாம், பழைய மீன்வலையை நாலு குச்சி நட்டு இழுத்துக் கட்டுங்க. தொய்வா விட்டா அணில், ஓணான் சிக்கிக்கும். நாற்று நட்ட பாத்தின்னா செடிக்குச் செடி ஈர்க்குக் குச்சியை நெருக்கமா ஊன்றினாலே போதும், பூனைக்குத் திரும்ப இடம் இருக்காது. சாயங்காலம் தண்ணி விடுங்க, ராத்திரி மண் ஈரமா இருக்கும். மூடாக்கு போடறவங்க முரட்டுச் சருகு, ஓலைத் துண்டு போடுங்க. தூள் தூளா இருக்கிற தென்னை நார்க்கழிவைக் காய்ஞ்ச நிலையில் பரப்பினா, தேரி மண்ணைவிட அது பூனைக்குப் பிடிச்சுப் போகும்.

இன்னொன்று. குப்பைமேனிக்குப் பூனைவணங்கின்னு ஒரு பேர் உண்டு, பெரியவங்களுக்குத் தெரியும். அதைப் பிடுங்கினா வேர் வாசனைக்குப் பூனை வந்து புரளும். களை எடுக்கும்போது பிடுங்கின குப்பைமேனியைப் பாத்தி ஓரத்திலேயே போட்டுட்டுப் போகாதீங்க. மீன் கழிவைப் பச்சையாகப் பாத்தியில் புதைக்கிறதும் அப்படித்தான், அழைப்பிதழ் வெச்ச மாதிரி. மீன் கழிவைக் கருப்பட்டி போட்டு மூடி வெச்சு, நல்லாப் புளிச்ச பிறகு மீன் அமிலமாத் தண்ணியில் கலந்து தெளிங்க.

சொட்டுநீலம் கலந்த பாட்டிலைத் தொங்க விடறாங்க. எங்க தெருவில் அந்தப் பாட்டில் பக்கத்திலேயே ஒரு பூனை படுத்துத் தூங்குது. மிளகாய்த்தூள் ஒரு தண்ணிக்குக் கரைஞ்சிடும், அது வரைக்கும் பூனை கண்ணையும் நம்ம கண்ணையும் எரிக்கும். அந்துருண்டை விஷம், சாப்பிடற கீரைப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம்.

பிள்ளை உண்டாகியிருக்கிற தங்கச்சிங்க இதைக் கவனமாக் கேளுங்க. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்கிற கிருமி இருக்கலாம். கர்ப்ப காலத்தில் முதல்முறையா அது தொற்றினா கரு கலையலாம், குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். எல்லாப் பூனையிலும் இருக்காது, பூனையைத் தொட்டதுமே ஒட்டிக்கவும் செய்யாது. மலம் மண்ணில் கிடந்து ஒரு நாள், ரெண்டு நாள் ஆன பிறகுதான் அது தொற்றும் பக்குவத்துக்கு வரும், அதுக்கப்புறம் மாசக்கணக்கா மண்ணில் கிடக்கும். அதனால் கண்ட அன்றைக்கே வேறு யாராவது அள்ளி ஆழமாகப் புதைக்கணும். நீங்க அந்த மாசங்களில் பாத்தியில் கை வைக்காதீங்க, வெச்சே ஆகணும்னா கையுறை போட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்க. கீரையை மூணு தண்ணியில் அலசி வேகவெச்சா பயமில்லை. பச்சையாச் சாப்பிடற கொத்தமல்லி, முள்ளங்கியை இன்னும் நல்லாக் கழுவணும்.

எங்க தெரு விஷயத்துக்கு வர்றேன். மூணாவது கூட்டத்தை அந்த அக்கா வீட்டுத் திண்ணையிலேயே போட்டோம். வராம எப்படி இருப்பாங்க? பேசி முடிச்சது இது: அவங்க வீட்டுக் கொல்லையில் ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி மணல் கொட்டி, நனையாம மேலே கீற்று போட்டு, பூனைக்குன்னு விட்டுடணும். தினமும் அள்ளறது அவங்க பொறுப்பு. மைனி பாத்திக்குக் கருக்கு மட்டை குழு போட்டுத் தரும். ஊர்ப் பூனையும் இப்போ பாதி நாள் அந்த மணலுக்குத்தான் போகுது. முழுசா நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன், மைனி இன்னமும் முணுமுணுக்கத்தான் செய்றாங்க. ஆனா அந்த வட்டம் சிறுகீரை பிழைச்சு, இருபத்தஞ்சாம் நாள் அறுத்து, முதல் கட்டு அக்கா வீட்டுக்குப் போச்சு.

குட்டி பெருகறது அடுத்த பிரச்சினை. ஒரு பெட்டைப் பூனை ரெண்டு மாசம் சுமந்து மூணு, நாலுன்னு போடும், வருஷத்தில் ரெண்டு மூணு ஈற்று. வளர்க்கிறவங்க கருத்தடை பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்க. நாலஞ்சு வீடா சேர்ந்து கேட்டுட்டு வந்தா, ஆட்டோ செலவும் பங்கு போயிடும்.

பழைய வலை வேணும்கிறவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் என்னைப் பாருங்க, ரெண்டு சாக்கு கொண்டு வந்திருக்கேன். கருக்கு மட்டைக்கு அரிவாளோடு ஆள் வரணும், அதை உங்க குழுவிலேயே ஏற்பாடு பண்ணிக்கோங்க.