தாய்ப்பலகை மாறியபோது



பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல், எங்கள் வட்டாரத்து உழவரும் தச்சரும் கொல்லரும் வழங்கும் சொற்களைக் கேட்டுக் கேட்டுக் கணினியில் தொகுத்து வருகிறேன். ஒன்பது ஆண்டு உழைப்பு அது. ஒருநாள் மாலை அக்கணினி அணைந்தது; பிறகு எழவே இல்லை. பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறந்து காட்டினார். மதர்போர்டு என்று நாம் வழங்கும் தாய்ப்பலகையில் மின்தேக்கிகள் இரண்டு வீங்கிப் போயிருந்தன.

"ஐயா, பலகை, செயலி, நினைவகம் மூன்றும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். வட்டை அழித்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றிவிடலாம்" என்றார் அவர்.

எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. என்னிடம் பிரதி ஒன்று இருந்தது. ஆனால் அது நான்கு மாதங்களுக்கு முந்தியது. ஒழுங்கைக் கற்பித்தே காலம் கழித்தவன் தன் ஏட்டைக் காக்கத் தவறினான் என்பதை உங்களிடம் மறைப்பதற்கில்லை.

"அழிக்க வேண்டாம்; வட்டை அப்படியே புதிய பலகையில் பொருத்துங்கள்" என்றேன். அது வெறும் பிடிவாதம் அன்று. வட்டில் இருந்தது டெபியன் 12 என்னும் லினக்ஸ். 1991-ஆம் ஆண்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய கெர்னல்தான் லினக்ஸின் உயிர்நிலை. பற்பல கருவிகளை இயக்கும் முறைகள் அதனோடேயே வருகின்றன. ஒவ்வொரு முறை எழும்போதும் அது, "இன்று யார் யார் வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டு, வந்தவர்க்கு ஏற்ற முறையைக் கைக்கொள்ளும். நேற்றைய வருகைப் பதிவேட்டை நம்பிப் பாடம் தொடங்கும் ஆசிரியர் அல்லர் அவர்!

பழைய செயலி இன்டெல், புதியது ஏ.எம்.டி. மொழி மாறிவிடாதோ என்று நீங்கள் ஐயுறலாம். 64 பிட்டுக்கென ஏ.எம்.டி. வகுத்த கட்டளைத் தொகுதி 2003-இல் அதன் செயலிகளில் வெளிவந்தது. பின்னர் இன்டெலும் அதையே ஏற்றுக்கொண்டது. ஆகவேதான் என் பழைய இன்டெல் கணினியிலும் டெபியன் தன்னை 'ஏ.எம்.டி. 64' என்றே அழைத்துக்கொண்டிருந்தது. அப்பெயரைக் கண்டு, பிழையான தொகுப்பை ஏற்றிவிட்டோமோ என்று முன்பொருநாள் நான் அஞ்சியதும் உண்டு.

பலகையைத் தேர்வதில் ஒரு எச்சரிக்கை கொண்டேன். டெபியன் 12-இன் கெர்னல் 2022 டிசம்பரில் வெளிவந்தது. கெர்னலுக்குப் பின் பிறந்த கருவியைக் கெர்னல் அறியாதிருக்கக்கூடும். எனவே 2020-இல் வந்த பலகை வகையையே கேட்டு வாங்கினேன்.

வட்டைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தோம். "தொடங்குவதற்குரிய வட்டு இல்லை" என்று திரை சொல்லிற்று. பழுது பார்ப்பவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

காரணம் இதுதான். யு.இ.எஃப்.ஐ. முறையில், எந்தக் கோப்பிலிருந்து எழ வேண்டும் என்னும் குறிப்பு வட்டில் இல்லை. தாய்ப்பலகையின் சிறு நினைவகத்தில் இருக்கிறது. பழைய பலகையோடு அக்குறிப்பும் போயிற்று. பையன் வந்து வாயிலில் நிற்கிறான்; பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. அவ்வளவே.

யு.எஸ்.பி. குச்சியிலிருந்து வேறொரு லினக்ஸை எழுப்பினேன். என் கோப்புகள் அனைத்தும் கண்ணெதிரே இருந்தன. பலகையைத் தொடுமுன் அவற்றை வேறொரு வட்டில் பிரதி எடுத்தேன். பிறகுதான் மூச்சு வந்தது. அதன்பின், கிரப் என்னும் தொடக்கியைப் பலகையில் மீண்டும் பதிவு செய்தேன். புதிய வரைகலைச் சில்லுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் பழைய கணினியில் இல்லாமையால், அதையும் அப்போதே ஏற்றினேன்.

மீண்டும் மின்சாரம் கொடுத்தோம். என் தமிழ்த் திரை, எழுத்துருக்களும் விசைப்பலகை அமைப்பும் மாறாமல், வந்து நின்றது! வட்டின் பகுதிகளை நீண்ட அடையாள எண்ணால் குறித்திருந்தமையால் அவை இடம் மாறியும் குழப்பம் இல்லை. மாணவனைச் சேர்க்கை எண்ணால் அறிந்தால், அவன் எந்தப் பெஞ்சில் அமர்ந்தாலும் கண்டுகொள்ளலாம் அன்றோ?

ஆனால் இணையம் வரவில்லை. வலையட்டைக்கு லினக்ஸ் இடும் பெயர், அது பலகையில் அமர்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. முன்பு 'ஈ.என்.பி.2.எஸ்.0'; இப்போது 'ஈ.என்.பி.5.எஸ்.0'. வலை அமைப்புக் கோப்பிலோ பழைய பெயரே இருந்தது. அதைக் கையால் எழுதி வைத்தவன் நானே. ஆளை அறியாமல் பெஞ்சு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். யாரும் எழுந்து நிற்கவில்லை. இலக்கம் ஒன்றை மாற்றியதும் இணையம் வந்தது.

பழுது பார்ப்பவர் தம் கூலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். நான் வற்புறுத்தி முழுவதும் கொடுத்தேன். பிரதி எடுக்கும் வேலையை இப்போது ஞாயிறுதோறும் கணினியே செய்கிறது. என் நினைவை நான் நம்புவதில்லை.

அன்றிரவு தொகுப்பைத் திறந்தபோது, கணினி அணைந்த நாளில் பாதி எழுதி விட்ட சொல் அப்படியே இருந்தது. 'பரம்பு' என்பது அச்சொல். உழுத வயலைச் சமப்படுத்தும் பலகைக்குப் பெயர். அதற்கு உழவர் சொன்ன விளக்கத்தை எழுதி முடித்துவிட்டுப் படுக்கச் சென்றேன்.