மீட்டர் அறிவதும் அறியாததும்

(உழவர் நாள் விழாவில் ஆற்றிய உரை)



உங்களில் பலருடைய சட்டைப் பையில் இப்போது பேனாவோடு பேனாவாக ஒரு சிறு மீட்டரும் இருக்கிறது. கிணற்று நீரில் நுனியை நனைத்தால் ஓர் எண்ணைக் காட்டும். சிலர் அதை ஈ.சி. மீட்டர் என்கிறார்கள், சிலர் டி.டி.எஸ். மீட்டர் என்கிறார்கள். இரண்டும் அளப்பது ஒன்றைத்தான்: நீரின் மின் கடத்தும் திறன். இந்த மீட்டர் எதை அறியும், எதை அறியாது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு விவசாயிக்கு நஷ்டம் வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னிடம் வந்தார். நிழல்வலையின் கீழ் குழித்தட்டுகளில் தக்காளி நாற்று வளர்த்து விற்பவர். பூவாளி உடைந்துபோனதால் கைத்தெளிப்பானில் கிணற்று நீரை நிரப்பி நாற்றுகளுக்குத் தெளித்திருக்கிறார். மறுநாளே சில தட்டுகளில் குருத்து முறுக்கிக்கொண்டது. கிணற்றில் உப்பு ஏறிவிட்டதோ என்று பயந்து, தெளிப்பானில் பாதி மீதியிருந்த நீரில் ஒரு புட்டி எடுத்து வந்திருந்தார். "ஐயா, தண்ணீரில் ஏதும் குறை இருக்கிறதா?" என்று கேட்டார். நான் மீட்டரை நனைத்துப் பார்த்தேன். மீட்டருக்கு 0.6 டெசிசைமன். தக்காளிக்கு இது நல்ல நீர். "தண்ணீரில் குறை இல்லை" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் வீட்டுக்குப் போய், மீதியிருந்த பாதி நீரையும் நல்ல நிலையில் இருந்த மற்ற தட்டுகளுக்குத் தெளித்துவிட்டார். அவையும் முறுக்கிக்கொண்டன. அந்தத் தெளிப்பான் மக்காச்சோள வயலில் 2,4-டி களைக்கொல்லி அடித்துவிட்டுச் சரியாகக் கழுவாமல் வைத்த தெளிப்பான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் கேட்ட கேள்விக்கு நான் "உப்பில் குறை இல்லை" என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். "தண்ணீரில் குறை இல்லை" என்று சொல்ல அந்த மீட்டர் எனக்கு எந்த அதிகாரமும் தரவில்லை.

ஏன் தரவில்லை என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சமையல் உப்பை நீரில் போட்டால் அது சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில் நேர் மின்சுமை, மற்றொன்றில் எதிர் மின்சுமை. இவற்றை அயனிகள் என்கிறோம். மீட்டரின் நுனியில் உள்ள இரு தகடுகளுக்கிடையே மின்சாரத்தைச் சுமந்து செல்பவை இந்த அயனிகளே. பொட்டாஷ், டி.ஏ.பி., சுண்ணாம்பு உப்புகள் யாவும் இவ்வாறே பிரிகின்றன. சர்க்கரை அப்படியல்ல. நீரில் கரைந்தாலும் முழு மூலக்கூறாகவே மிதக்கிறது. அதற்கு மின்சுமை இல்லை. எனவே மின்சாரத்தைச் சுமப்பதும் இல்லை.

நாம் மூட்டை மூட்டையாக வாங்கும் யூரியாவும் சர்க்கரையைப் போன்ற ஒரு கரிமப் பொருள்தான். பயறு வகைகளுக்கு இலைவழி தெளிக்க 2 சதக் கரைசல் தயாரிக்கிறோம். லிட்டருக்கு 20 கிராம். நீரில் கரைந்த பொருள் 20,000 மில்லிகிராம்! ஆனால் டி.டி.எஸ். மீட்டரை அதில் நனைத்தால் ஏறக்குறைய வெறும் கிணற்று நீருக்குக் காட்டிய எண்ணையே காட்டும். மாறாக, 1 சதப் பொட்டாஷ் கரைசலில் நனைத்தால் சுமார் 16 டெசிசைமனுக்குத் தாவும். "கரைந்த மொத்தத் திடப்பொருள்" என்று அந்த மீட்டருக்குப் பெயர் வைத்தவர்கள் நமக்கு நன்மை செய்யவில்லை என்பது என் எண்ணம். அது எதையும் எடைபோடுவதில்லை. கடத்தும் திறனை அளந்து, அதை 640 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி மில்லிகிராம் என்று சொல்கிறது.

சொட்டு நீர்ப் பாசனம் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். வெஞ்சுரி வழியே உரம் விட்டுவிட்டு, கடைசிச் சொட்டுவான் வரை உரம் சேர்ந்ததா என்று மீட்டரை வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் யூரியாவை மட்டும் விட்டிருந்தால் மீட்டர் அசையாது. உரம் வரவில்லை என்று எண்ணி மறுபடியும் விடாதீர்கள். பொட்டாஷையும் சேர்த்து விடும் நாளில் பார்த்தால் விடை கிடைக்கும்.

கரிம வேதியியல் ஆராய்ச்சிக்கு இந்த மின் கடத்தும் திறன் செய்த உதவி பெரிது. ஜெர்மனியைச் சேர்ந்த கோல்ராஷ் என்ற அறிஞர் மாறுதிசை மின்னோட்டத்தைப் பயன்படுத்திக் கரைசல்களின் கடத்தும் திறனைத் துல்லியமாக அளக்கும் வழியைக் கண்டார். நேர்மின்னோட்டம் விட்டால் தகடுகளிலேயே வேதிமாற்றம் நிகழ்ந்து அளவு கெட்டுவிடும். 1884-ல் சுவீடன் நாட்டு இளைஞர் அரீனியஸ் இத்தகைய அளவுகளை வைத்து, கரைந்த பொருள்கள் மின்சாரத்தைச் சுமக்கும் விதம் பற்றி உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்தார். அங்கே அதற்குக் கிடைத்த மதிப்பெண் மிகக் குறைவு. ரீகா நகரில் பேராசிரியராக இருந்த ஆஸ்ட்வால்டு அதன் அருமையை உணர்ந்து, அந்த இளைஞரைக் காண உப்சாலாவுக்கே பயணம் செய்தார். அரீனியஸுக்கு 1903-லும் ஆஸ்ட்வால்டுக்கு 1909-லும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆஸ்ட்வால்டு செய்த வேலைதான் நமக்கு முக்கியம். அவர் இருநூறுக்கும் மேற்பட்ட கரிம அமிலங்களை ஒவ்வொன்றாக நீரில் கரைத்துக் கடத்தும் திறனை அளந்தார். கரிமப் பொருள் என்றாலே பிரியாது என்பதில்லை. கரிம அமிலங்கள் கொஞ்சம் பிரியும். எவ்வளவு பிரியும் என்பதுதான் கேள்வி. புளிக்காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 6 கிராம் உள்ள கரைசலில் 100 மூலக்கூறுகளில் ஏறக்குறைய ஒன்றுதான் பிரிந்திருக்கும். அதே அமிலத்தில் ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தால் அதன் அமில வலிமை ஏறக்குறைய 80 மடங்கு கூடுகிறது. மூலக்கூறின் உள்ளே எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை, கண்ணால் காணாமலே, மின்சாரம் பாயும் அளவைக் கொண்டு ஊகிக்க முடிந்தது.

1940-களில் களைக்கொல்லியாகப் புழக்கத்துக்கு வந்த 2,4-டி, இந்த அசெட்டிக் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வலிமையில் அசெட்டிக் அமிலத்தைப்போல் சுமார் நூறு மடங்கு. அதன் சோடியம் உப்பு நீரில் நன்றாகவே பிரியும். அப்படியானால் அன்று என் மீட்டர் ஏன் அதைக் காட்டவில்லை என்று கேட்பீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 2 கிராம் மருந்துள்ள கரைசல் தெளிப்பானிலும் குழாயிலுமாக 100 மில்லி தங்கியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் மருந்து 200 மில்லிகிராம். மேலே 10 லிட்டர் கிணற்று நீர் ஊற்றினால் லிட்டருக்கு சுமார் 20 மில்லிகிராம். தக்காளி நாற்றை முறுக்க இது போதும். ஆனால் கடத்தும் திறனில் இது கூட்டுவது ஒரு டெசிசைமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 0.6 காட்டிய மீட்டர் அப்போதும் 0.6 தான் காட்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு திருடன் நுழைந்தால் தலை எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? எல்லா அயனிகளையும் சேர்த்து எண்ணுவது மட்டுமே இந்த மீட்டரின் வேலை. இன்னது என்று அடையாளம் சொல்லத் தெரியாது. 2,4-டியின் எஸ்டர் வகையாக இருந்தால் அது பிரிவதே இல்லை, எண்ணிக்கையிலும் வராது.

ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். கலவையை ஒரு குழாயினுள் செலுத்தி, அயனிகளை வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக வெளியே வரும்போது கடத்தும் திறனை அளப்பார்கள். 1975-ல் வெளிவந்த அயனி நிறப்பிரிகை என்ற முறை இது. பல கரிம அமிலங்களை இவ்வாறு தனித்தனியே அளக்கிறார்கள். மீட்டர் அதேதான், முன்னால் பிரிக்கும் வேலை நடந்திருக்கிறது.

யூரியாவுக்குத் திரும்புவோம். கடத்தாத யூரியா மண்ணில் விழுந்ததும் கடத்தும் பொருளாக மாறுகிறது. மண்ணில் உள்ள யூரியேஸ் என்னும் நொதி அதை உடைத்து அம்மோனியம், கார்பனேட்டு அயனிகளாக்குகிறது. மாற்றம் நடக்க நடக்க மின் கடத்தும் திறன் ஏறிக்கொண்டே போகும். ஆராய்ச்சியாளர்கள் இந்த ஏற்றத்தை நேரத்தோடு குறித்துக்கொண்டே போய், நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று கணிக்கிறார்கள். மாதிரியை எடுத்து மருந்து சேர்த்துக் குலைக்க வேண்டியதில்லை, மாற்றம் தன் போக்கில் நடக்க நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த யூரியேஸைத்தான் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சம்னர் என்பவர் 1926-ல் படிகமாகப் பிரித்தெடுத்தார். படிகமாக எடுக்கப்பட்ட முதல் நொதி அது. சிறுவயதில் வேட்டையில் நேர்ந்த விபத்தில் இடக்கையை இழந்தவர் அவர். எதிலிருந்து எடுத்தார் தெரியுமா? நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் என்னும் அவரையின் விதையிலிருந்து!

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு தம்ளரில் நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை யூரியாவைக் கரையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு பச்சை சோயா மொச்சை மாவைப் போட்டுக் கலக்கி மூடி வையுங்கள். வறுத்த மாவு உதவாது, சூட்டில் நொதி கெட்டுவிடும். சில மணி நேரம் கழித்து அளந்தால், யூரியா இட்ட தம்ளரில் எண் ஏறியிருக்கும், அம்மோனியா நெடியும் வீசும். விதையை ஒட்டி யூரியாவைப் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது ஏன் என்பதை அந்த நெடியே சொல்லும். குறிப்பாகக் களர் நிலத்தில் அம்மோனியா முளையைக் கருக்கிவிடும். மாடுகளுக்கு யூரியா கலந்த தீவனத்தோடு பச்சை சோயா மாவைச் சேர்க்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். தம்ளர்களைப் பிறகு சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

உரமிட்ட சில நாட்களில் மண் மாதிரி எடுத்து அனுப்புபவர்கள் எண் கூடிவிட்டதென்று கலங்குவதும் உண்டு. அறுவடை முடிந்து, அடுத்த உரம் இடுமுன் எடுத்த மாதிரிதான் நிலத்தின் உண்மை நிலையைக் காட்டும். இன்னொன்று: சிலர் திரவ உரம் விற்க வரும்போது மீட்டரை அதில் நனைத்து, எண் பெரிதாக இருப்பதைக் காட்டிச் சத்து மிகுதி என்கிறார்கள். ஒரு கைப்பிடி சமையல் உப்பைப் போட்டாலும் எண் பெரிதாகத்தான் இருக்கும்.

இவ்வளவு சொன்னதால் மீட்டரைத் தூக்கி எறியச் சொல்வதாக எண்ண வேண்டாம். உப்பை அறிய அதைவிட எளிய கருவி இல்லை. பாசன நீரில் 0.75 டெசிசைமன் வரை பொதுவாகக் கவலையில்லை. 2.25-க்கு மேல் போனால் எல்லாப் பயிருக்கும் எல்லா மண்ணுக்கும் ஏற்றதல்ல. பயிருக்குப் பயிர் தாங்கும் அளவு வேறு. மண்ணின் நிறைநிலைச் சாற்றில் அளக்கும்போது பீன்ஸ் 1-ஐயும் வெங்காயம் 1.2-ஐயும் தாண்டினால் மகசூல் குறையத் தொடங்கும். நெல் 3 வரையும் பருத்தி 7.7 வரையும் தாங்கும். வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் எண்ணும் சுமார் 2 சதம் கூடும் என்பதால், மதிய வெயிலில் காய்ந்த நீரை அளந்து காலை அளவோடு ஒப்பிடாதீர்கள்.

களைக்கொல்லியைப் பற்றிச் சந்தேகம் வந்தால் மீட்டர் வேண்டாம், செடியைக் கேளுங்கள். ஒரு தட்டில் பத்துத் தக்காளி அல்லது வெள்ளரி நாற்றுகள் எடுத்துக்கொண்டு சந்தேகத்துக்குரிய நீரைத் தெளியுங்கள். பக்கத்தில் வேறொரு தட்டுக்குக் கிணற்றிலிருந்து நேரே சுத்தமான குடத்தில் எடுத்த நீரைத் தெளியுங்கள். 2,4-டி இருந்தால் இரண்டு மூன்று நாளில் முதல் தட்டில் காம்புகள் வளைந்து குருத்து முறுக்கும். நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே நல்லது. ஒன்றுதான் இருக்கிறது என்றால், வேலை முடிந்த அன்றே மும்முறை அலசி, சலவை சோடா கரைத்த நீரை நிரப்பி இரவு முழுதும் வைத்து, மறுநாள் குழாய், முனை, வடிகட்டி எல்லாவற்றின் வழியாகவும் அதை அடித்து வெளியேற்றி மறுபடி அலசுங்கள். அலசிய நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.

அந்த நாற்றங்கால்காரர் இப்போது இரண்டு தெளிப்பான் வைத்திருக்கிறார். களைக்கொல்லிக்கு உள்ளதில் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார். நானோ, யார் நீர்ப் புட்டி கொண்டுவந்தாலும் மீட்டரை எடுக்குமுன், அது கிணற்றில் எடுத்ததா, தொட்டியில் எடுத்ததா, தெளிப்பானில் எடுத்ததா என்று கேட்டு, புட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடுகிறேன். நீங்களும் மாதிரி அனுப்பும்போது அதை எழுதி அனுப்புங்கள். பயிரில் கண்ட குறையையும், கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.